நான்கு எஞ்சின் விமானமும் நான்கு வருட இடைவெளியும்

நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லாத வருடங்களில் நான் ஜெர்மன் விமானப்படைக்கு வேலை பார்த்தேன். இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

2003 வசந்தத்தில் வந்து இறங்கினேன். கணவருக்கு நியூயார்க்கில் மென்பொருள் வேலை. காலையில் அவரை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு வந்தால் மாலை வரை நான் மட்டும். என் விசா ஹெச்-4. வாழலாம், கார் ஓட்டலாம், படிக்கலாம், சம்பாதிக்கக் கூடாது. சென்னையில் விமானப் பொறியியல் படித்து, பெங்களூரில் எஞ்சின் பழுதுபார்க்கும் ஓரிடத்தில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவள் நான். விசா மாறினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. விமான நிறுவனங்களின் வேலை விளம்பரங்கள் எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டும். சில மாதங்களில் விளம்பரங்களைக் கீழிருந்து மேலாகப் படிக்கப் பழகிக்கொண்டேன். நேரம் மிச்சம்.

ஆனால் நேரத்தை மிச்சம் பிடித்து என்ன செய்வது? எங்கள் குடியிருப்பில் எல்லாக் கட்டிடங்களும் ஒரே வெளிர் பழுப்பு. வளாகத்தைச் சுற்றி நடந்தால் நம் வீடு எதுவென்று எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடந்தேன். சமையலறை அலமாரியை அடுக்கினேன், கலைத்தேன், வேறு முறையில் அடுக்கினேன். அடிக்கடி எடுப்பவை, எப்போதாவது எடுப்பவை, ஊரிலிருந்து வந்து இன்னும் பிரிக்காதவை என்று பட்டியல் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். கணவர் அதைப் படித்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் போனா என்னையும் இதுல ஒரு லைன்ல எழுதிடுவ போல," என்றார். எப்போதாவது எடுப்பவை என்ற தலைப்பின் கீழே அவர் பெயரை எழுதி வைத்தேன். அவர் கவனிக்க இரண்டு வாரமாயிற்று.

பழைய எஞ்சின்களின் வால்வுகளைப் பற்றி ஏதோ தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த இணைய மன்றத்தில் போய் விழுந்தேன். நடக்காத வரலாற்றை எழுதுகிறவர்கள் கூடும் இடம். அவர்களுக்குக் கண்டிப்பான விதி ஒன்று இருந்தது. நடந்த வரலாற்றில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம். பிறகு வருவதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து பிறக்க வேண்டும். இரண்டாவது அதிர்ஷ்டம் கிடையாது. எனக்கு அந்த விதி உடனே பிடித்துவிட்டது.

அப்போது அவர்கள் எடுத்திருந்த மாற்றம் ஒரு ஜெனரலைப் பற்றியது. இரண்டாம் உலகப் போருக்குச் சில வருடங்கள் முன்பு ஜெர்மன் விமானப்படையின் திட்டங்களை வகுத்தவர் அவர். தொலைதூரம் போகும் பெரிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் வேண்டுமென்று நின்றவர். ஒருநாள் தானே விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். தரையில் நிற்கும்போது காற்றுக்கு ஆடாதிருக்க இறக்கையின் அசையும் பகுதிகளைப் பூட்டி வைப்பார்கள். அந்தப் பூட்டை எடுக்காமல் கிளம்பிவிட்டார். விழுந்து இறந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் பெரிய விமானத்தைக் கைவிட்டார்கள். பிறகு வேறொன்று கேட்டபோது, அந்தக் கனத்த விமானமும் சின்ன விமானம் போலச் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட வேண்டும் என்றார்கள். அதற்காக இரண்டிரண்டு எஞ்சின்களை ஒட்டி ஒரே விசிறிக்கு இணைத்தார்கள். அவை வானத்திலேயே சூடாகித் தீப்பிடித்தன.

பூட்டை அவர் எடுத்திருந்தால்? மன்றத்தின் கேள்வி அதுதான். கிளம்பும் முன் சரிபார்க்கும் பட்டியலில் ஒரு வரியைத் தாண்டிப் போனதால் ஒரு படையின் போக்கே மாறிவிட்டது என்பதைப் படித்தபோது எழுந்து போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் சின்னத் திருத்தங்கள் சொன்னேன். இந்த எஞ்சின் அந்த வருடத்தில் இல்லை, அந்த எடையை இந்த இறக்கை தாங்காது, இப்படி. மன்றத்தில் என் பெயர் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்தான். எல்லோரும் என்னை ஆண் என்றே நினைத்தார்கள். ஓய்வுபெற்று நியூஜெர்சியில் குடியிருக்கும் ஜெர்மன்காரர் என்றுகூட ஒருவர் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மன்றத்தை நடத்தியவர் டெக்சாஸில் இருந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவர் எஞ்சின் அத்தியாயம் முழுவதையும் என்னிடம் ஒப்படைத்தார். ஜெனரல் உயிரோடிருக்கும் அந்த உலகத்தில் நான்கு எஞ்சின் விமானம் எந்த வருடம், எத்தனை, எந்த எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் என்று நான் சொல்ல வேண்டும்.

அன்று மாலை ரயில் நிலையத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன். காரில் உட்கார முடியவில்லை. நடைமேடையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். கணவர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்து, ஊரில் யாருக்கும் ஒன்றுமில்லையே என்றுதான் முதலில் கேட்டார்.

எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் படித்து, இங்கே ஒரு மருந்து நிறுவனத்தில் புள்ளியியல் பிரிவில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை செய்வார். மதியம் தேநீருக்கு என் வீட்டுக்கு வருவார். ஒரு வெள்ளிக்கிழமை என் கணினித் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, நாலு எஞ்சின், நாலு எஞ்சின் எண்டு கிடக்கு?"

மாற்று வரலாறு, ஜெனரல், விதி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் நல்ல மாணவி போலக் கேட்டார். என் கணக்கு அட்டவணையில் ஒரு கூட்டல் பிழையைக்கூடக் கண்டுபிடித்தார். கடைசியில், "அப்ப நீர் குண்டு போடுற பொம்மர் செய்யிறீர்," என்றார்.

"கதைக்குத்தான் அக்கா."

"ஓம், கதைக்குத்தான்." தேநீரை ஊதிக்கொண்டே பேசினார். "எங்களுக்குச் சின்னனில எல்லாத்தையும் சத்தத்திலயே தெரியும். பொம்மர் எண்டா ஒரு சத்தம், ஹெலி எண்டா வேற சத்தம். அம்மா சோத்தை வடிச்சுக்கொண்டு நிண்டே, 'இது தூரப் போறது, நீ சாப்பிடு' எண்டுவா. பிழைச்சதும் உண்டு." பிறகு திரையைக் காட்டினார். "உம்மட இது எங்க போடும்?"

என் அட்டவணையில் தூரம், எடை, எரிபொருள், ஆட்கள், எஞ்சின் ஆயுள் என்று பத்திகள் இருந்தன. அவர் கேட்டதற்குப் பத்தி இல்லை. அதை வேறொருவர் எழுதுகிறார் என்றேன். உண்மைதான். இலக்குகளைப் பற்றிய அத்தியாயம் ஒஹையோவில் ஒருவரிடம் இருந்தது.

"அது சரி. அங்கயும் அப்பிடித்தான் பிரிச்சு வைச்சிருந்திருப்பாங்கள்," என்றார் அக்கா. பிறகு, சர்க்கரை போதவில்லை என்று கோப்பையை நீட்டினார்.

அதன் பிறகும் நான் அத்தியாயத்தை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு தொந்தரவு வந்து சேர்ந்தது. அதுவரை விமானம் பறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கணக்குப் போட்டேன். இப்போது பறக்கக் கூடாது என்ற ஆசை. கணக்கும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. தலைமை மாறினால் செங்குத்துப் பாய்ச்சல் போய்விடும், எஞ்சின்களை நான்கு இடத்தில் தனித்தனியாக வைக்கலாம், தீ குறையும். அதுவரை ஜெனரல் உதவுகிறார். ஆனால் ஒரு பெரிய விமானத்துக்கான எஞ்சின்கள் நான்கு சின்னப் போர் விமானங்களிடமிருந்து வர வேண்டும். எரிபொருள் இல்லை. எஞ்சினின் வெப்பத்தைத் தாங்கும் வால்வுக்கு நிக்கல் வேண்டும். அது அவர்களிடம் போதவில்லை. தலைவர் மாறலாம், நிக்கல் மாறாது. என் ஆசைதான் எண்களை வளைக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். வீட்டு வாடகை ஒப்பந்தம் புதுப்பித்தோம், கணவருக்குப் புது மேலாளர் வந்தார், நூலகத்தில் எனக்காகப் புத்தகங்களை எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் மறுபடியும் போட்டேன். ஒவ்வொரு முறையும் அதே விடை: மிகக் குறைவாக, மிகத் தாமதமாக.

2007 கோடையில் கிரீன் கார்டு வரிசை திடீரென்று திறந்தது. எங்கள் வளாகத்தில் பாதிப் பேர் கைக்குழந்தைகளோடு விண்ணப்பத்துக்கான மருத்துவப் பரிசோதனைக்கு ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். இலையுதிர் காலத்தில் எனக்கு வேலை அனுமதி அட்டை வந்தது. கிரீன் கார்டு அல்ல. அதனால் விமான நிறுவனங்களின் கடைசி வரி அப்படியே இருந்தது. மற்ற எந்த வேலைக்கும் போகலாம். ஆனால் என் ரெஸ்யூமேயில் நான்கு வருடம் வெறுமையாகக் கிடந்தது. அனுப்பிய இடங்களில் பதில் எழுதியவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்?

கணவரின் புராஜெக்ட் வருட முடிவில் முடியவிருந்தது. கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு இருந்தது, வீட்டுக்கு அனுப்பலாம் என்ற பேச்சும் இருந்தது. அவர் எடிசன் ஊரில் வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கன்சல்டன்சிக்காரரின் எண்ணைக் கொடுத்தார். மதுரைப் பக்கத்து மனிதர். தொலைபேசியில் அன்பாகப் பேசினார்.

"ஏரோன்னு போட்டா ஒருத்தனும் கூப்பிட மாட்டான்மா. டெஸ்டிங்ல போட்டுருவோம். நாலு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ், ரெண்டு கிளையன்ட். யாராச்சும் கேட்டா ரெஃபரன்ஸ் நாங்க பாத்துக்குவோம். நீங்க படிச்சு மனசுல ஏத்திக்கிட்டா போதும்."

மறுநாள் ரெஸ்யூமே வந்தது. அதன்படி நான் டல்லாஸில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு இரண்டு வருடமும் சான்டா கிளாராவில் ஒரு கிளையன்டுக்கு இரண்டு வருடமும் மென்பொருள் சோதனை செய்திருந்தேன். இரண்டு ஊர்களையும் நான் பார்த்ததில்லை.

முடியாது என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. பொய் என்பதால் அல்ல, மோசமாகச் செய்திருந்ததால். வேலை அனுமதியே இல்லாதவள் டல்லாஸில் எந்த விசாவில் வேலை செய்தாள்? வெள்ளிக்கிழமை டெக்சாஸில் ஒரு வேலையை முடித்துத் திங்கட்கிழமை கலிஃபோர்னியாவில் அடுத்ததில் சேர்கிறாள். வீட்டுச் சாமான் எல்லாம் எப்படிப் போனது? மன்றத்தில் இப்படி ஒரு அத்தியாயத்தைப் போட்டிருந்தால் கிழித்திருப்பார்கள். ஒரே ஒரு விஷயத்தை மாற்று, மற்றதெல்லாம் அதிலிருந்து வரட்டும். நான் திருத்த ஆரம்பித்தேன்.

அந்தப் பெண்ணை அமெரிக்காவுக்கே வரவிடவில்லை. கணவர் இங்கே, அவள் சென்னையிலேயே இருந்து அந்த இரண்டு கிளையன்டுகளுக்கும் அங்கிருந்து வேலை செய்தாள். அந்த ஒன்றை மாற்றியதும் விசா ஓட்டை அடைபட்டது, வீடு மாறும் ஓட்டை அடைபட்டது. இரண்டு வேலைகளுக்கும் நடுவில் தங்கை கல்யாணத்துக்கு விடுப்புக் கொடுத்தேன். காலையில் அலுவலக வேனுக்குத் தரமணி முனையில் நின்றாள். சகாக்களோடு கேன்டீனில் சண்டை போட்டாள். பதவி உயர்வு ஒன்று தவறியது, அடுத்தது கிடைத்தது. பிற்பகலில் அவள் முழுதாக எழுந்து நின்றாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. நான்கு வருடமும் தினமும் காலையில் கிளம்பிப் போயிருக்கிறாள்.

திருத்தியதை, உங்கள் ரெஸ்யூமேயில் இன்னின்ன ஓட்டைகள் இருக்கின்றன என்ற பட்டியலோடு அவருக்கே அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். அவர் குரலில் இருந்தது மரியாதை.

"மேடம், நீங்க எதுக்கு டெஸ்டிங்குக்குப் போறீங்க? எங்க ஆபீஸ்லயே உக்காந்துருங்க. வர்ற பசங்களுக்கெல்லாம் இந்த மாதிரி எழுதிக் குடுங்க. வீட்டுல இருந்தே பண்ணலாம்."

அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை வாய்ப்பு அது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாலையில் ரயில் நிலையத்தில் கணவர் காரில் ஏறும்போதே சொன்னேன். முதலில் சிரித்தார். பாதி வழியில் சிரிப்பு நின்றது.

"எல்லாரும் பண்றதுதான். நம்ம பில்டிங்லயே பாதிப் பேரு இப்படித்தான் உள்ள வந்தான்."

"நீங்களும் அப்படித்தானா?"

"எனக்கு அப்போ தேவைப்படல," என்றார். நேர்மையான பதில். அதற்குமேல் அவரிடம் கோபப்பட எனக்கு இடமில்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை அக்காவிடம் அந்த ரெஸ்யூமேயைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஆர் இந்தப் பிள்ளை?"

"நான்தான் அக்கா."

"இல்லை. இவ ஒரு நாளும் வீட்டில சும்மா இருந்து யோசிச்சவ இல்லை." தாளை மேசையில் வைத்தார். "உமக்கு வேலை வேணுமோ, இவவுக்கு வேலை வேணுமோ? அதை முதல்ல முடிவெடும். இவவுக்குக் கிடைச்சா நீர் ஒவ்வொரு நாளும் இவவாத்தான் வெளிக்கிட்டுப் போகோணும்."

அன்று மாலையே கன்சல்டன்சிக்காரருக்கு வேண்டாம் என்று சொன்னேன். இரண்டுமே வேண்டாம். அவர் வருத்தப்படவில்லை. கதவு திறந்தே இருக்கும் என்றார்.

அதே வாரத்தில் எஞ்சின் அத்தியாயத்தையும் மன்றத்தில் ஏற்றினேன். ஜெனரல் பிழைத்தாலும் நான்கு எஞ்சின் விமானம் போரின் போக்கை மாற்றும் எண்ணிக்கையில் வராது, காரணங்கள் பின்வருமாறு. இரண்டு நாள் மன்றமே கொதித்தது. டெக்சாஸ் ஆசிரியர் எழுதியது நினைவிருக்கிறது: உங்களுக்கு ஜெனரலை உயிரோடு கொடுத்தோம், நீங்கள் எங்களுக்கு நிக்கலைக் கொடுக்கிறீர்கள். சிலர் என் எண்களைச் சரிபார்த்துச் சரி என்றார்கள். ஆனால் பறக்காத விமானத்தை வைத்துக்கொண்டு யாரும் மேலே கதை எழுத முடியாது. வாக்கெடுப்பு வைத்து அத்தியாயத்தை நீக்கினார்கள். வேறொருவர் எழுதினார். அவருடையது அழகாகப் பறந்தது. விதியை எழுதி வைத்தவர்களே ஒரு புதுச் சுரங்கத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து நிக்கல் எடுத்தார்கள்.

மன்றமும் போயிற்று, வேலையும் இல்லை. மறுபடியும் வளாகத்தைச் சுற்றி நடந்தேன். கணவருக்குச் சான்டா கிளாரா உறுதியானது. அங்கே போனால் இதே நடையை வேறு நிறக் கட்டிடங்களைச் சுற்றி நடக்கப் போகிறேன் என்று தோன்றியது. குபெர்டினோவில் இருந்த அவருடைய நண்பர் வீடு தேடித் தரத் தயாராக இருந்தார். பக்கத்தில் நல்ல இந்தியக் கடை, நல்ல பள்ளி என்று சொன்னாராம். எங்களுக்குக் குழந்தை இல்லை.

அந்த நாட்களில்தான் ஒரு விளம்பரத்தைக் கீழிருந்து படித்தபோது கடைசி வரி இல்லாததைக் கவனித்தேன். சுரங்கப் பாதைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ராட்சத மின்விசிறிகள் செய்யும் நிறுவனம். வீட்டிலிருந்து காரில் போகும் தூரம். விசிறியும் காற்றைத் தள்ளும் இறக்கைதான். உண்மையான ரெஸ்யூமேயை அனுப்பினேன். கூப்பிட்டார்கள்.

கணவர் விடுப்பெடுத்து என்னைக் கூட்டிப் போனார். வழியெல்லாம் ஒன்றையே சொன்னார். இடைவெளி பற்றிக் கேட்டால் குடும்பச் சூழ்நிலை என்று சொல், அதற்குமேல் அவர்கள் கேட்கக் கூடாது, சட்டப்படி கேட்க முடியாது. "பொம்மர் கிம்மர்னு ஆரம்பிச்சிடாத. வேற மாதிரி எடுத்துப்பாங்க." நான் தலையாட்டினேன். விசாவைப் பற்றி மட்டும் சொன்னால்கூடப் போதும்தான். ஆனால் அது, எனக்கு என்ன அனுமதிக்கப்படவில்லை என்பதற்கான பதில். அவர்கள் கேட்கப்போவது வேறு கேள்வி.

சோதனைப் பிரிவின் தலைவிக்கு ஐம்பது வயதிருக்கும். சத்தத்தைத் தடுக்கும் காதுக் கவசம் அவர் கழுத்தில் தொங்கியது. ரெஸ்யூமேயில் அந்த இடத்தில் விரலை வைத்தார். இங்கே என்ன செய்தீர்கள்?

வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை என்றேன். பிறகு சொல்லிவிட்டேன். இல்லாத ஒரு விமானத்துக்கு எஞ்சின் கணக்குப் போட்டேன், பழைய போரில், ஜெர்மானியர்களின் தலைமைத் திட்டக்காரர் இறக்காமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய விமானம்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். பறந்ததா என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஏன் என்றார். வால்வு என்றேன். பலகையைக் காட்டி எழுந்து வரைந்து விளக்கச் சொன்னார். வெப்பம், உலோகம், ஆயுள், மணிக்கணக்கு. நடுவில் இரண்டு முறை மறித்து, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். முதலாவதற்குப் பதில் இருந்தது. இரண்டாவது என் ஊகம் என்று ஒப்புக்கொண்டேன். கடைசியில், அது பறக்க வேண்டும் என்று உங்களோடிருந்தவர்கள் விரும்பவில்லையா என்றார். விரும்பினார்கள், அதனால் என் அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார். எங்கள் வடிவமைப்பாளர்களுக்கும் அவர்களுடைய விசிறிகள்மேல் அப்படிப்பட்ட விருப்பங்கள் உண்டு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் தொலைபேசி வந்தது. ஆறு மாத ஒப்பந்தம். பொறியாளர் பதவி அல்ல, சோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். நாள் முழுதும் நிற்க வேண்டும், சத்தம் அதிகம், காலணி நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை வர முடியுமா?

கணவருக்குச் சான்டா கிளாரா விமானம் அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. அவர் இதை எதிர்பார்க்கவில்லை. பெட்டியை மூடாமலே கட்டிலில் உட்கார்ந்தார்.

"டெக்னீஷியன்மா. டிப்ளமோ பசங்க பாக்குற வேலை."

"தெரியும்."

"ஆறு மாசம் தனியா இருப்பியா?"

"நாலு வருஷம் பகல்ல இருந்தேன்ல," என்றேன். கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது. அவருடைய சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, நான் வைக்கச் சொன்ன இடத்தில் வைக்காமல் வேறெங்கோ வைத்தார். நான் மாற்றவில்லை.

"அங்க எல்லாரும் கேப்பாங்க, வைஃப் வரலையான்னு. என்ன சொல்றது?"

குடும்பச் சூழ்நிலை என்று சொல்லலாம், வீட்டு ஒப்பந்தம் முடியவில்லை என்று சொல்லலாம். இரண்டையும் அவரே யோசித்து வைத்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க," என்றேன்.

அவர் பெட்டியின் ஜிப்பை இழுத்தார். பாதியில் சிக்கியது. இருவருமாக அதன்மேல் உட்கார்ந்து அழுத்தி மூடினோம்.